குடிநீரிற் பங்கசு சேராது காத்தல்
(கிணறு, நீர்த்தாங்கி, குழாய் ஆகியவற்றைப் பேணும் முறை)

முன்னுரை

பங்கசு என்றதும் கமக்காரரின் நினைவுக்கு வருவன பயிர்நோய்களே. நெல்லின் இலையிற் கருகற் புள்ளிகளை உண்டாக்குவதும், வெங்காயக் குமிழை அழுகச் செய்வதும், தக்காளிச் செடியை வாட்டுவதும், ஈரத்தோடு அடைத்துவைத்த நிலக்கடலையைப் பழுதாக்குவதும் பங்கசுகளின் செயல்களாகும். இவற்றைத் தடுப்பதற்குப் பணமும் உழைப்பும் செலவிடுகின்றோம். ஆயின், அதே கூட்டத்தைச் சேர்ந்த உயிர்கள் வீட்டு நீர்த்தாங்கியின் மூடியிலும் குழாயின் உட்சுவரிலும் வளர்ந்து வருவதைப் பலர் கவனிப்பதில்லை.

முன்னாளிற் துலாவினால் இறைத்த நீர் அன்றன்றே குடிக்கப்பட்டது. இன்று மின்சார நீரிறைப்பி கிணற்று நீரை உயரத்திலுள்ள தாங்கிக்கு ஏற்றுகின்றது. அங்கிருந்து குழாய்வழியே அடுக்களைக்கும் குளியலறைக்கும் நாற்றுமேடைக்கும் நீர் செல்கின்றது. இதனாற் பெரும் உழைப்பு மிச்சமாயிற்று. எனினும், நீர் தங்கிநிற்கும் இடங்களும் காலமும் கூடின. தங்கிநிற்கும் நீரிலும் ஈரச் சுவரிலும் பங்கசு குடிகொள்ளுகின்றது. அதனை அடையாளங் காணும் வகையையும், அஞ்சவேண்டிய அளவையும், செலவின்றி நீக்கும் வழிகளையும் இப்பிரசுரம் எடுத்துக் கூறுகின்றது.

1. பங்கசு என்பது யாது?

பங்கசுகள் பச்சையம் இல்லாத உயிர்கள். ஆதலின் பயிர்களைப்போல் ஞாயிற்றொளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கமாட்டா. இலை, மரம், வைக்கோல், எரு, தானியம் முதலிய பொருள்களில் நுண்ணிய இழைகளைச் செலுத்தி, அவற்றைக் கரைத்து உண்டு வாழும். பழைய பாணின்மேல் எழும் வெண்ணிறப் பஞ்சுபோன்ற பூசணம் இவ்விழைகளின் திரளேயாகும்.

இழைகள் முற்றியதும் வித்திகள் தோன்றும். இவை பயிரின் விதை செய்யும் தொழிலையே செய்கின்றன. ஆயின் மிகச் சிறியவை. சாதாரண பூசணமாகிய அசுபேசிலசின் வித்தி ஒன்றின் குறுக்களவு ஏறக்குறைய 2 முதல் 4 மைக்குரோமீற்றர் ஆகும். அத்தகைய முந்நூறு வித்திகளை வரிசையாக அடுக்கினாலும் ஒரு மில்லிமீற்றர் நீளமே வரும். காற்று அவற்றை நெடுந்தூரம் எடுத்துச் செல்லும். உலர்ந்து கிடந்தாலும் பல மாதங்கள் உயிர்தாங்கி நின்று, ஈரமும் உணவும் கிடைத்தவிடத்து முளைக்கும்.

எல்லாப் பங்கசும் பகையல்ல. அப்பமாவைப் புளிக்கச் செய்யும் மதுவமும் பங்கசே. 1928ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் பிளெமிங் கண்ட பெனிசிலின் மருந்தும் ஒரு பூசணத்திலிருந்தே கிடைத்தது. வயலிற் கிடக்கும் ஒட்டுக்கட்டைகளை உக்கச் செய்து மண்ணுக்கு உரமாக்குவதும் பங்கசுகளே. ஆதலின் பங்கசு உலகில் இல்லாதொழிய வேண்டுவதில்லை. அது குடிநீர்த் தாங்கியைத் தன் வீடாக்கிக் கொள்ளாமற் காப்பதே நாம் வேண்டுவது.

2. நீரிற் பங்கசு வந்து சேரும் வழிகள்

மண்ணினூடாக வடிந்து கீழே சேரும் நிலநீரிற் பங்கசு குறைவாகவே இருக்கும். மண் ஒரு வடியாகத் தொழில் செய்கின்றது. குளம், ஆறு, வாய்க்கால் ஆகியவற்றின் மேல்நீரில் அது மிகுதி. அடியூற்றிற் தூயதாக உள்ள கிணற்று நீரும் மேலே வந்தபின் பின்வரும் வழிகளால் மாசடைகின்றது.

(அ) களத்துத் தூசு: சூடடிக்கும் காலத்திலும் நெல் தூற்றும் காலத்திலும் எழும் தூசில் எண்ணற்ற வித்திகள் உள. களத்திற்கு அண்மையில் திறந்த கிணறோ மூடியில்லாத் தாங்கியோ இருப்பின் அத்தூசு நேரே நீரில் விழும்.

(ஆ) வைக்கோற் போரும் எருக்குவியலும்: கூட்டெரு உக்கும்போது அதன் நடுவில் வெப்பம் ஏறும். அவ்வெப்பத்தையும் தாங்கி வளரவல்ல பூசணங்கள் உண்டு. அவற்றுள் அசுபேசிலசு பியூமிகேற்றசு என்பது 50 பாகை செல்சியசு வரையிலும் வளரக்கூடியது. நோயுற்றோரின் நுரையீரலைத் தாக்கவும் வல்லது. எருவைக் கிளறும்போது அதன் வித்திகள் புகைபோல் எழும்.

(இ) இலைகுழை: கிணற்றின்மேற் கவிந்து நிற்கும் மா, பலா முதலிய மரங்களின் சருகுகள் நீரில் விழுந்து அழுகும். அவை பங்கசுக்கு உணவாகும்.

(ஈ) கிணற்றுப் பொருள்கள்: தும்புக்கயிறு, மரக்கப்பி, பலகை மூடி ஆகியன எப்பொழுதும் நனைந்திருப்பின் பூசணம் பிடிக்கும். மரமும் தும்பும் பங்கசு விரும்பும் பொருள்கள். குழாய்ப் பொருத்துகளில் இடப்படும் றப்பர் வளையங்களிலும் அது படரும்.

(உ) வெள்ளம்: வடகீழ்ப் பருவமழையின்போது கட்டுத் தாழ்ந்த கிணறுகளுள் வயல்நீரும் முற்றத்து நீரும் புகும். அந்நீர் மண்ணையும் எருவையும் பயிர்நோய்ப் பங்கசுகளையும் சேர்த்துக் கொண்டுவரும்.

(ஊ) குழாய் வெடிப்பு: நிலத்தினடியிற் செல்லும் குழாய் வெடித்திருப்பின், நீரோட்டம் நின்றபொழுது வெளிச் சேறு உள்ளே இழுக்கப்படும்.

3. சுவரிற் படியும் வழுவழுப்பு

தாங்கியின் உட்சுவரை விரலால் தடவிப் பார்க்க. வழுக்கும் படலமொன்று கையில் ஒட்டுமாயின், அங்கே பற்றீரியா, பங்கசு முதலிய நுண்ணுயிர்கள் கூடி வாழுகின்றன என்பது அதன் பொருளாகும். முதலிற் பற்றீரியாக்கள் சுவரில் ஒட்டிப் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரக்கும். அப்பசையில் அழுக்கும் வித்திகளும் சிக்கும். வித்தி முளைத்து இழைவிட, அவ்விழைகள் பசைக்கு நார்போல் அமைந்து படலத்தைத் தடிப்பாக்கும்.

இப்படலமே நீர்த்தாங்கியின் உண்மையான நோய்நிலம் எனலாம். தாங்கியில் நின்ற நீரை முழுவதும் வெளியேற்றிப் புதுநீர் நிரப்பினாலும் சுவரிலுள்ள படலம் அவ்வாறே இருக்கும். சில நாள்களிற் புதுநீரும் பழைய நிலைக்கு வந்துவிடும். வயலிற் களையை அரிவாளால் அறுத்துவிட்டு வேரை விட்டுவைத்தல் போன்றது இது.

படலம் விரைந்து வளரும் இடங்கள் வருமாறு: நீர் அசையாது நிற்கும் தாங்கியின் மூலைகள், பாவிக்கப்படாது அடைக்கப்பட்டுள்ள குழாய்க் கிளைகள், வெயிலிற் கிடந்து சூடேறும் கறுப்புப் பொலிதீன் குழாய்கள், குழாய்வாயின் உள்விளிம்பு, மூடியின் உட்புறம், உரிய காலத்தில் மாற்றப்படாத வடிகட்டிகள். நீரைத் தூயதாக்குவதற்கென வாங்கிய கரி வடிகட்டியே, காலங்கடந்து பாவிக்கப்படின், பங்கசின் உறைவிடமாகும்.

4. தீங்கு எவ்வளவு?

இவ்விடயத்தில் வீண் அச்சமும் வேண்டா, அலட்சியமும் வேண்டா. உள்ளதை உள்ளவாறு அறிதல் நன்று.

நோர்வே நாட்டிற் குடிநீர் மாதிரிகள் 273ஐ ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 30 சாதிகளைச் சேர்ந்த 94 இனப் பூசணங்கள் காணப்பட்டன. பெனிசீலியம், திரைக்கோடேமா, அசுபேசிலசு என்பன அவற்றுள் முதன்மை பெற்றன. நன்கு பேணப்படும் நீர்வழங்கல் முறைகளிலும் பங்கசு உண்டென்பதை இது காட்டுகின்றது. சுவீடன் நாடு 2001ஆம் ஆண்டின் குடிநீர் விதிகளில் நுண்பங்கசுக்கு 100 மில்லிலீற்றருக்கு 100 என்னும் எல்லையைக் குறித்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கான தன் வழிகாட்டலிற் பங்கசுக்கென எண்ணளவு எதனையும் விதிக்கவில்லை.

நல்ல உடல்நலம் உடையோர் இந்நீரைக் குடிப்பதாற் பெரும்பாலும் நோயுறார். இரைப்பையின் அமிலமும் உடலின் எதிர்ப்பாற்றலும் அவர்களைக் காக்கும். எனினும் பின்வருவன கவனித்தற்குரியன.

மணமும் சுவையும்: நீரில் மண்மணமோ பூசண மணமோ எழும். முதல் மழையின்போது நிலத்திலிருந்து எழும் மணத்துக்குக் காரணமான சியோசிமின் என்னும் பொருளை நுண்ணுயிர்கள் பலவும் சில பூசணங்களும் உண்டாக்குகின்றன. மிகச் சிறிய அளவாயினும் மனித மூக்கு அதனை அறிந்துகொள்ளும். மணம் தன்னளவில் நஞ்சன்று; ஆயினும் தாங்கி அழுக்கடைந்திருக்கக்கூடும் என்பதற்கு அஃது ஒரு முன்னறிவிப்பு.

மூச்சு வருத்தம்: தூவற் குழாயிற் குளிக்கும்போது நீர் நுண்துளிகளாகச் சிதறும்; அவற்றோடு வித்திகளும் மூச்சில் ஏறும். தொய்வு நோய் உள்ளவர்க்கும் ஒவ்வாமை உடையவர்க்கும் இதனால் வருத்தம் மிகலாம்.

எதிர்ப்பாற்றல் குன்றியோர்: சிறுநீரகம் மாற்றப் பெற்றவர், புற்றுநோய்க்கு மருந்து பெறுபவர், கட்டுப்படாத நீரிழிவு உடையவர், நிறைமாதத்துக்கு முன் பிறந்த குழந்தை ஆகியோர்க்கு, பிறர்க்குத் தீங்கு செய்யாத பூசணமும் கடும் நோயை விளைவிக்கலாம். இத்தகையோர் உள்ள இல்லங்களில் நீரைக் கொதிக்கவைத்தே கொடுத்தல் வேண்டும். நீர் நன்கு கொதித்தெழுந்து ஒரு நிமிடம் கழிந்தபின் இறக்கி, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுக.

பூசண நஞ்சு: 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் அசுபேசிலசு பிளேவசு என்னும் பூசணம் உண்டாக்கிய நஞ்சே காரணமெனப் பின்னர் அறியப்பட்டு, அந்நஞ்சுக்கு அபிளாற்றொட்சின் எனப் பெயரிடப்பட்டது. நெடுங்காலம் தேங்கிக் கிடந்த தாங்கி நீரிலும் இந்நஞ்சு காணப்பட்டமை 1997இல் அறிவிக்கப்பட்டது. நீரில் அது பெரிதும் ஐதாகிவிடுவதால், பூசணம் பிடித்த கடலையும் சோளமும் விளைவிக்கும் ஆபத்தே பன்மடங்கு பெரிது. எனினும், கொதிக்கவைத்தலால் இந்நஞ்சு அழியாது. ஆதலின் பலகாலம் தேங்கிக் கிடந்த நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்று எண்ணாது, அதனை வெளியேற்றிவிடுதலே முறை.

இங்கு மற்றொன்றையும் தெளிவாக்குதல் வேண்டும். வடமத்திய மாகாணத்தில் 1990ஆம் ஆண்டுகளில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோய்க்கு இப்பிரசுரத்திற் கூறும் முறைகள் மருந்தாகா. நீரிற் கரைந்துள்ள புளோரைட்டு, நைத்திரேற்று, உப்பு ஆகியன துப்புரவாலோ குளோரீனாலோ கொதிக்கவைத்தலாலோ நீங்கமாட்டா. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்குப் பசளை மிகையும் மலக்குழிகளின் அண்மையும் காரணங்களாம். அதற்கு வேறு பரிகாரம் தேடவேண்டும்.

5. கண்ணால் அடையாளங் காணல்

நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பும்போது பொதுவாகப் பார்க்கப்படுவன மலக்கலப்பைக் காட்டும் கோலிபோம் பற்றீரியாக்களே. பங்கசுக்கெனத் தனிப்பரிசோதனை வேண்டும். அது வளர்ந்து தெரியப் பல நாள்கள் செல்லும். எனவே கமக்காரர் தம் கண்ணையும் மூக்கையும் கையையும் பாவித்தல் நன்று.

பச்சைப் படலம்: பாசி. தாங்கிக்குள் வெளிச்சம் புகுகின்றது என்பதற்கு அடையாளம். பாசி இறந்தபின் பங்கசுக்கு உணவாகும்.
கரும்புள்ளிகள், கருவழுவழுப்பு: மூடியின் உட்புறத்திலும் குழாய்வாயிலும் றப்பர் வளையத்திலும் காணப்படின் பெரும்பாலும் பங்கசே.
வெண்பஞ்சு போன்ற திரள்: மிதக்கும் சருகிலோ மரத்துண்டிலோ காணப்படின் பங்கசு இழை.
இளஞ்சிவப்பு வழுவழுப்பு: பெரும்பாலும் பற்றீரியா.
செம்மஞ்சட் சேறு: இரும்பு மிகுந்த நீரில் வாழும் பற்றீரியா.
வெண்ணிறக் கடினப் பொருக்கு: சுண்ணாம்பு, உயிருள்ளதன்று. எனினும் அதன் சொரசொரப்பிற் படலம் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றுள் எதனைக் காணினும் செய்யவேண்டிய முதற்பணி ஒன்றே: உரஞ்சிக் கழுவுதல்.

6. குளோரீன் மாத்திரம் போதாமை

குடிநீரிலுள்ள பற்றீரியாக்களைக் கொல்வதற்குக் குளோரீன் சிறந்தது, அதனைக் கைவிடலாகாது. ஆயின் பங்கசின் வித்தி தடித்த சுவருடையது. கருநிற வித்திகளுக்கு மெலனின் என்னும் நிறப்பொருள் மேலும் காப்பளிக்கும். ஆதலின் கோலிபோம் பற்றீரியாக்களை விரைவிற் கொல்லும் அளவு குளோரீனைப் பல வித்திகள் தாங்கிநிற்கும். சுவர்ப்படலத்தின் அடியில் உள்ளவற்றைக் குளோரீன் சென்றடைவதுமில்லை. மேலுள்ள அழுக்கே அதன் வலுவைக் குடித்துவிடும்.

இதனின்று வேலையின் ஒழுங்கு தெளிவாகின்றது. முதலில் உரஞ்சல், இரண்டாவது கழுவி வெளியேற்றல், மூன்றாவது குளோரீன் இடுதல், நான்காவது மூடிவைத்தல். இவ்வொழுங்கை மாற்றிச் செய்யின் மருந்தும் உழைப்பும் வீணாகும்.

வெளிற்றும் தூளை வாங்கும்போதும் கவனம் வேண்டும். நல்ல தூளில் நூற்றுக்கு 30 பங்களவு பயன்படு குளோரீன் இருக்கும். திறந்து வைத்தாலும் ஈரமும் வெப்பமும் பட்டாலும் அதன் வலு விரைந்து குறையும். காற்றுப் புகாத பாத்திரத்தில், இருளான குளிர்ந்த இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாது வைத்தல் வேண்டும். அமிலம் கலந்த கழுவுநீரோடு அதனை ஒருபோதும் சேர்க்கலாகாது. உயிருக்கு ஆபத்தான வாயு எழும்.

7. நீர்த்தாங்கியைத் துப்புரவாக்கல்

ஆண்டுக்கு இருமுறையேனும் பின்வருமாறு செய்க.

(1) தாங்கிக்கு நீரேறும் வழியை அடைத்து, உள்ள நீரைத் தோட்டத்துக்கு விடுக. அடியில் ஒரு சாணளவு நீரை மிச்சம் வைக்க.

(2) கெட்டியான தும்புத் தூரிகையால் மூடியின் உட்புறம், மேற்சுவர், கீழ்ச்சுவர், அடி என்னும் ஒழுங்கில் உரஞ்சுக. பிளாத்திக்குத் தாங்கியை இரும்புக் கம்பித் தூரிகையாற் தேய்க்கலாகாது. கீறல்களில் மீண்டும் படலம் தங்கும்.

(3) கலங்கிய நீரை அடிக்கழிவு வழியே வெளியேற்றுக. அதனை வீட்டுக் குழாய்களுக்குள் விடலாகாது. இருமுறை புதுநீரால் அலசுக.

(4) தாங்கியை நிரப்புக. 1000 லீற்றர் நீருக்கு 30 சதவீத வெளிற்றும் தூள் ஏறக்குறைய 170 கிராம் எடுத்து, வாளி நீரிற் சிறிது சிறிதாகக் கரைத்து, சக்கை அடியிற் படிந்தபின் தெளிந்த நீரை மாத்திரம் தாங்கியில் ஊற்றுக. மணமூட்டப்படாத 5 சதவீதத் திரவ வெளிற்றி கிடைப்பின் 1000 லீற்றருக்கு ஒரு லீற்றர் போதும். இவ்வாறு செய்யின் லீற்றர் ஒன்றுக்கு 50 மில்லிகிராம் அளவில் குளோரீன் சேரும்.

(5) வீட்டின் ஒவ்வொரு குழாய்வாயையும் திறந்து, குளோரீன் மணம் வந்ததும் மூடுக. பாவிக்கப்படாத கிளைகளையும் விட்டுவிடலாகாது.

(6) ஓரிரவு, அஃதாவது 12 மணித்தியாலம், அவ்வாறே விடுக. இக்காலத்தில் அந்நீரைக் குடிக்கவோ குளிக்கவோ மாடுகளுக்கு வைக்கவோ கூடாது. வீட்டார் யாவர்க்கும் முன்னரே அறிவித்தல் வேண்டும்.

(7) மறுநாள் நீரை வெறுந்தரையில் வெளியேற்றுக. நாற்றுமேடையிலோ மீன்குளத்திலோ கிணற்றருகிலோ விடலாகாது. புதுநீரால் அலசி, கடும் மணம் நீங்கியபின் பாவிக்க.

இதன்பின் மூடியை இறுக்கமாகப் பொருத்துக. வழிந்தோடு குழாயின் வாயை நுளம்புவலைத் துண்டால் கட்டுக. இதனால் நுளம்பு முட்டையிடுதலும் தடுக்கப்படும். ஒளி புகும் வெண்ணிறத் தாங்கியாயின் கூரை அமைத்தோ நிறம் தீட்டியோ மறைக்க. தேவைக்கு மிஞ்சிய பெருந்தாங்கி வேண்டா. இரண்டொரு நாளில் நீர் மாறுமளவே நன்று. வீட்டாரெல்லாம் சில நாள் வெளியூர் சென்று திரும்பினால், ஒவ்வொரு குழாயையும் சில நிமிடம் திறந்து ஓடவிட்ட பின்னரே குடிக்க நீர் எடுக்க.

மண்பானையும் வடிதுணியும் இதே கவனத்தைப் பெறவேண்டும். பானையை நாள்தோறும் கழுவி, கிழமைக்கு ஒருமுறை வெயிலிற் காயவைக்க. வடிதுணியைக் கொதிநீரில் அலசி உலர்த்துக. ஈரத்துணியைச் சுருட்டி வைத்தல் பூசணத்துக்கு விருந்து வைத்தலாகும்.

8. கிணற்றைத் துப்புரவாக்கல்

கிணற்றுக்கட்டு நிலமட்டத்தினின்று குறைந்தது மூன்றடி உயர்ந்திருத்தல் வேண்டும். சுற்றிலும் வெடிப்பில்லாச் சீமெந்துத் தளமும், கழிவுநீர் விலகிச் செல்ல வாய்க்காலும் அமைக்க. மலக்குழி 50 அடிக்கு அப்பாலிருத்தல் வேண்டும். சுண்ணக்கல் நிலத்தில் வெடிப்புகளின் வழியே அழுக்கு விரைந்து ஓடுமாதலின் இன்னும் தூரமாயிருத்தல் நலம். எருக்குவியலையும் வைக்கோற் போரையும் காற்று வீசும் திசையை நோக்கிக் கிணற்றுக்கு எட்டவே வைக்க.

இறைத்துச் சேறெடுப்பதற்கு ஆவணி, புரட்டாதி மாதங்கள் ஏற்றவை, நீர் தாழ்ந்திருக்கும். நீர் தாழ்ந்ததும் சுவரை உரஞ்சிக் கழுவி, சேற்றையும் சருகையும் எடுத்து, மீண்டும் ஊறவிடுக. ஊறியபின் நீரின் அளவைக் கணிக்கும் வகை:

குறுக்களவு (மீற்றர்) × குறுக்களவு × நீரின் ஆழம் (மீற்றர்) × 785 = லீற்றர்

எடுத்துக்காட்டாக, 3 மீற்றர் குறுக்களவும் 2 மீற்றர் ஆழ நீரும் உள்ள வட்டக் கிணற்றில் 3 × 3 × 2 × 785 = 14,130 லீற்றர் நீர் இருக்கும். துப்புரவின் பின் ஒருமுறை இடும் வலுவான அளவு 1000 லீற்றருக்கு 170 கிராம் ஆகலின், இக்கிணற்றுக்கு ஏறக்குறைய 2.4 கிலோகிராம் தூள் வேண்டும். கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, வாளியால் மேலும் கீழும் கலக்கி, 12 மணித்தியாலம் விட்டு, மணம் நீங்கும்வரை இறைத்து வெளியேற்றுக.

அன்றாடக் காப்புக்கு இடும் அளவு இதனினும் மிகச் சிறிது: 1000 லீற்றருக்கு 2.5 கிராம். மேற்கூறிய கிணற்றுக்கு 35 கிராம் போதும். இட்டு அரைமணி நேரம் கழிந்தபின் குடிக்கலாம். நீரில் எஞ்சியுள்ள குளோரீனை அளந்து பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியைப் பெறுக. இவ்விரு அளவுகளையும் மாறிக் கொள்ளாதிருத்தல் மிக அவசியம். பங்குக் கிணறாயின் பங்காளர் யாவர்க்கும் முன்கூட்டியே நாளைக் கூறி, கிணற்றடியில் எழுதியும் வைக்க.

உயிர்க்காப்பு எச்சரிக்கை: எண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கலாகாது. அதன் புகையிலுள்ள மணமற்ற நஞ்சுவாயு இறங்கியவரை மயக்கிக் கொல்லும். அவரைக் காக்க இறங்கியவரும் மாள்வர். கிணற்றில் இறங்குபவர் இடுப்பிற் கயிறு கட்டியிருத்தலும், மேலே இருவர் நிற்றலும் வேண்டும். குளோரீன் இட்ட கிணற்றில் எவரும் இறங்கலாகாது.

கரையோரக் கிணறுகள்: யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கற்பிட்டியிலும் கீழ்க்கரையிலும் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. மிகையாக இறைப்பின் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். 2004ஆம் ஆண்டின் கடற்கோளுக்குப்பின் கிழக்கிலே கிணறுகளைத் தூய்மையாக்கும் நோக்கத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தமையால் உவர் மேலும் ஏறிய இடங்கள் உண்டு. எனவே இத்தகைய கிணறுகளை வற்ற இறையாது, சிறிது சிறிதாகப் பல நாள்களில் இறைத்துத் துப்புரவாக்குக.

9. பயிர்மருந்தைக் குடிநீரில் இடாதீர்

பங்கசுகொல்லி மருந்துகள் கமக்காரர் வீட்டில் எப்பொழுதும் இருப்பன. “பயிரின் பங்கசைக் கொல்லும் மருந்து தாங்கியின் பங்கசையும் கொல்லுமன்றோ?” என்று எவரேனும் எண்ணக்கூடும். இஃது உயிருக்கு உலைவைக்கும் எண்ணம். பயிர்ப் பங்கசுகொல்லி எதுவும், துரிசும் உட்பட, குடிநீரிலோ தாங்கியைக் கழுவும் நீரிலோ கலக்கப்படலாகாது. அவை பிளாத்திக்கிலும் சீமெந்திலும் ஊறி நின்று பின்னர் நீரிற் கசியும். கொதிக்கவைத்தலால் நீங்கும் என நம்பியிருக்கவும் இயலாது.

மருந்து கலக்கிய வாளியைக் கிணற்றில் விடுதல், தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவுதல், மருந்து வந்த கலனை நீர் மொள்ளப் பாவித்தல் ஆகியனவும் இதே குற்றத்தைச் சாரும். மருந்துக்கெனத் தனி வாளி வைத்து அடையாளமிடுக.

10. நாற்றுமேடைக்கும் இதே நீர்

குடிநீரைக் காத்தலால் மரக்கறிச் செய்கையாளர் பெறும் மற்றொரு பயனும் உண்டு. தக்காளி, மிளகாய், கத்தரி, கோவா நாற்றுகள் முளைத்த சில நாள்களில் தண்டின் அடி நீர்க்கசிவுற்று மெலிந்து, கூட்டமாகச் சாய்ந்து மடிவதைக் கண்டிருப்பீர்கள். இந்நாற்றழுகலை உண்டாக்குவனவற்றுள் பிதியம், பைற்றொத்தோரா என்பன நீரையே ஊர்தியாகக் கொண்டவை. முன்னர் பங்கசுகளோடு எண்ணப்பட்ட இவை, இன்று தனிக் கூட்டமாக வகுக்கப்பட்டுள்ளன. இவற்றின் வித்திகள் வாலுடையன. நீரில் நீந்திச் சென்று வேரைத் தேடிப் பற்றும்.

தோட்டத்தின் வடிநீர் சேரும் குட்டையிலிருந்து நாற்றுமேடைக்கு நீர் எடுப்பின், ஒரு பாத்தியின் நோயை மறுபாத்திக்கு நாமே கொண்டு சேர்க்கின்றோம். ஆதலின் நாற்றுகளுக்குத் துப்புரவான கிணற்று நீரையோ தாங்கி நீரையோ ஊற்றுக. பூவாளியையும் இறைகுழாயையும் சேற்றிற் போடாது கழுவித் தூக்கி வைக்க. காலையில் நீரூற்றின் மாலைக்குள் மேல்மண் உலரும். மாலையில் மிகையாக ஊற்றின் இரவு முழுதும் ஈரம் நின்று நோய்க்கு வழிசெய்யும். நோயுற்ற நாற்றுகளைப் பிடுங்கி வாய்க்காலில் எறியாது எரித்துவிடுக. தாங்கியைத் துப்புரவாக்கும் வலுவான குளோரீன் நீர் நாற்றைக் கருக்குமாதலால், அதனை நாற்றுமேடையிற் பாய்ச்சலாகாது.

11. ஆண்டொழுங்கு

நாள்தோறும்: மூடிகள் மூடியுள்ளனவா எனப் பார்த்தல், குடிநீர்ப் பானையைக் கழுவுதல்.
கிழமைதோறும்: குழாய்வாய்களின் உள்விளிம்பைத் துடைத்தல், பாவியாத குழாய்களைத் திறந்து ஓடவிடல்.
மாதந்தோறும்: தாங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தல், கிணற்றிற் கவியும் கிளைகளை வெட்டல், வலைகளைச் சரிபார்த்தல்.
ஆவணி – புரட்டாதி: கிணற்றில் இறைத்துச் சேறெடுத்தல், கட்டின் வெடிப்புகளைப் பூசுதல், தாங்கியை முதன்முறை துப்புரவாக்கல்.
ஐப்பசி – மார்கழி: வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் கொதிக்கவைத்தே குடித்தல், வெள்ளம் வடிந்தபின் குளோரீன் இடல்.
மாசி – பங்குனி: காலபோகச் சூடடிப்பின்போது கிணற்றையும் தாங்கியையும் இறுக மூடல், களவேலை முடிந்ததும் தாங்கியை இரண்டாம் முறை துப்புரவாக்கல்.

முடிவுரை

இப்பணிகளுக்கு வேண்டியவை ஒரு தும்புத் தூரிகை, ஒரு நுளம்புவலைத் துண்டு, சிறிது வெளிற்றும் தூள், ஆண்டில் இரண்டு நாள் உழைப்பு ஆகியனவே. களையை வேரோடு பிடுங்கிய பின்னர் பசளை இடுவது கமக்காரர் அறிந்த முறை. தாங்கியிலும் படலத்தை உரஞ்சி நீக்கிய பின்னரே குளோரீன் பயன் தரும். ஐயங்கள் எழுமாயின் நீரைப் பற்றிப் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும், நாற்றுமேடை நோய்களைப் பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் கேட்டறிக.